கரெண்டா, பெட்ரோலா?

நடுரோட்டில் கார் நின்றுபோனால் அந்தக் காலத்தில் ஊர் கூடும். இப்போது ஹார்ன் சத்தம் கூடுகிறது. நம் நாட்டு மோட்டார் வாகனங்கள் நாற்பது வருடத்தில் கண்ட முன்னேற்றங்களைப் பட்டியல் போடுகிறவர்கள் ஏர்பேக்கைச் சொல்கிறார்கள், ஏபிஎஸ் பிரேக்கைச் சொல்கிறார்கள். இதை மட்டும் விட்டுவிடுகிறார்கள்.

எண்பதுகளில் மதுரையில் எங்களிடம் ஒரு பிரீமியர் பத்மினி இருந்தது. இத்தாலிய ஃபியட் 1100-ஐ பம்பாய் குர்லாவில் செய்து, பிற்பாடு பெயரை மாற்றி விற்ற வண்டி. 1089 சி.சி. எஞ்சின், நாலு கியர், கியர்க் கம்பி ஸ்டீயரிங்கை ஒட்டி. சித்தூர் ராணியின் பெயர் அது என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். எங்கள் அத்தைக்கு அது நாட்டியப் பேரொளிதான். புது வண்டி வேண்டுமென்றால் முன்பணம் கட்டிவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டிய காலம். அப்பா காத்திருக்கவில்லை, கை மாறிய வண்டியாகப் பார்த்து வாங்கினார். காத்திருப்பு அதன் பிறகுதான் தொடங்கியது. தல்லாகுளத்தில், சிம்மக்கல்லில், திருமங்கலம் ரோட்டில், கிடைத்த மரத்தடியில் எல்லாம் காத்திருந்தோம்.

வண்டியைக் குறை சொல்ல முடியாது. வயதான எஞ்சின், மதுரை வெயில், அந்தக் காலத்துப் பெட்ரோல். மூன்றும் சேர்ந்தால் எது என்றாலும் நிற்கும்.

நின்றதும் முதலில் வருகிறவர் டீக்கடைக்காரர். பின்னாலேயே ரிக்‌ஷாக்காரர், லாரி கிளீனர், பட்டாளத்தில் ஜீப் ஓட்டி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர். எந்தத் தெருவில் நின்றாலும் அந்தத் தெருவுக்கென்று ஒரு பட்டாளத்துப் பெரியவர் இருந்தார். யாரும் “என்ன ஆச்சு?” என்று கேட்க மாட்டார்கள். அது வண்டி தெரியாதவர்கள் கேட்கிற கேள்வி. “கரெண்டாண்ணே, பெட்ரோலாண்ணே?” என்றுதான் கேட்பார்கள்.

அந்த ஒரு கேள்வியில் வைத்தியம் முழுக்க அடங்கிவிட்டது. எஞ்சின் ஓட வேண்டுமானால் பெட்ரோல் வர வேண்டும், காற்று வர வேண்டும், சரியான நேரத்தில் ப்ளக்கில் பொறி விழ வேண்டும். காற்றுக்கு அன்று பஞ்சமில்லை. மிச்சம் இரண்டு. காயிலிலிருந்து வருகிற தடித்த ஒயரை டிஸ்ட்ரிபியூட்டரிலிருந்து பிடுங்கி, எஞ்சின் உடம்புக்கு ஒரு நூல் தள்ளிப் பிடித்துக்கொண்டு, “செல்ஃப் அடிங்கண்ணே” என்பார் கிளீனர். படபடவென்று நீலமாகப் பொறி பாய்ந்தால் கரெண்ட் நல்ல கரெண்ட். மஞ்சளாக, மனசில்லாமல் வந்தால் கன்டென்சர் மேல் சந்தேகம், அல்லது பாயிண்ட் கருகியிருக்கிறது. அடுத்து கார்புரேட்டருக்குப் போகும் குழாயைக் கழற்றிவிட்டு மறுபடி செல்ஃப். விட்டு விட்டுப் பீய்ச்சினால் பம்ப் வேலை செய்கிறது. இரண்டும் சரி, ஆனாலும் ஓடவில்லை என்றால் ஜெட்டில் அடைப்பு. கழற்றி வாயால் ஊத வேண்டும். எங்கள் தெருவில் பெட்ரோல் ருசி அறியாத ஆண்பிள்ளை அநேகமாக இல்லை.

வண்டியின் முன்பெட்டியில் அப்பா சில சாமான்கள் வைத்திருந்தார். திருப்புளி, ப்ளக் ஸ்பேனர், உப்புத்தாள், ஒரு ஸ்பேர் கன்டென்சர், ஒரு சிகரெட் பெட்டி. உப்புத்தாள் பாயிண்டைத் தேய்க்க. சிகரெட் பெட்டி புகைக்க அல்ல. அதன் அட்டையைக் கிழித்து பாயிண்டுக்கு நடுவே செருகினால் இடைவெளி சரியாக வரும் என்று பட்டறையில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கீழே இருக்க வேண்டிய இடைவெளி அது. அதற்கென்று தகடு கடையில் விற்றது. அட்டை ஓசியில் கிடைத்தது. பாட்டி மட்டும் கடைசி வரை இந்த விளக்கத்தை நம்பவில்லை. மகன் வண்டி ரிப்பேர் என்று சொல்லிவிட்டு வெளியே போகும்போதெல்லாம் திரும்பி வந்ததும் அவர் வாய்க்கருகே போய் நின்று பேசுவாள்.

1-3-4-2 என்பதை வாய்ப்பாட்டுக்கு முன்பே நான் மனப்பாடம் செய்துவிட்டேன். நாலு சிலிண்டரும் வெடிக்க வேண்டிய வரிசை. ப்ளக் ஒயர்களைக் கழற்றி மாட்டும்போது வரிசை மாறினால் வண்டி ஸ்டார்ட் ஆகாது, சைலன்சரில் வேட்டுப் போடும், தெருநாய்கள் நாலு திசைக்கும் ஓடும். பட்டறைக்கார அண்ணன் ஒயர்களில் ஒன்று, இரண்டு, மூன்று என்று நூல் சுற்றி அடையாளம் வைத்திருந்தார். எஞ்சின் சூட்டில் நூல் பொசுங்கிவிடும். அதனால்தான் மனப்பாடம்.

நின்றுபோவது ஒரு வியாதி. திணறுவது வேறு வியாதி. ஆக்ஸிலேட்டரை மிதித்ததும் பாய வேண்டிய வண்டி, ஒரு கணம் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு யோசித்துவிட்டுக் கிளம்பும். லாரியைத் தாண்டலாம் என்று வலது பக்கம் ஏறிய பிறகு இந்த யோசனை வந்தால் உள்ளே இருப்பவர்கள் குலதெய்வத்தைக் கூப்பிடுவார்கள். திடீரென்று மிதிக்கும்போது காற்று சட்டென்று உள்ளே பாய்ந்துவிடும். பெட்ரோல் அவ்வளவு சீக்கிரம் கிளம்பாது. அந்த இடைவெளியை நிரப்பவே கார்புரேட்டரில் ஒரு குட்டிப் பம்ப் உண்டு. மிதித்த உடனே ஒரு சொட்டு கூடுதலாகப் பீய்ச்சும். அதன் சவ்வு காய்ந்து விறைத்துவிட்டால் பீய்ச்சாது. பரிசோதனை மிக எளிது. எஞ்சினை நிறுத்தி, ஏர் கிளீனரைக் கழற்றி, கார்புரேட்டரின் தொண்டைக்குள் பார்த்தபடி கையால் ஆக்ஸிலேட்டர் கம்பியை இழுக்க வேண்டும். உள்ளே பெட்ரோல் கோடாகப் பாய்ந்தால் பம்ப் நல்ல பம்ப். இந்த விஷயம் எங்கள் அத்தைக்கும் தெரியும். அவருக்கு வண்டி ஓட்டத் தெரியாது.

கோடைக்கானல் பயணம் ஒரு தனிக் கல்வி. வத்தலக்குண்டில் இட்லி சாப்பிட்டுவிட்டு மலை ஏறத் தொடங்கினால் பத்துப் பன்னிரண்டு வளைவுக்குள் வண்டி முக்க ஆரம்பிக்கும். எஞ்சினின் பக்கவாட்டில் முடுக்கியிருக்கும் பெட்ரோல் பம்ப்பை ஏ.சி. பம்ப் என்று சொல்வோம். குளிர்ச்சிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இரண்டாவது கியரில் மெதுவாக ஏறும்போது எஞ்சின் சூடு பம்ப்புக்கு ஏறி, உள்ளே பெட்ரோல் ஆவியாகிவிடும். திரவத்தைத் தள்ளச் செய்த பம்ப் ஆவியைத் தள்ள முடியாமல் வெறுமனே துடித்துக்கொண்டிருக்கும். ‘ஏர் லாக்’ என்பார்கள். மருந்து ஈரத்துணி. அம்மாவின் பழைய புடவைக் கிழிசல் ஒன்று நிரந்தரமாக பம்ப்பின் மேல் கிடந்தது. ஒரு கேன் தண்ணீர் அதற்கென்றே வரும். நாங்கள் அதைக் குடிக்கக் கூடாது.

பெருமாள் மலை நெருங்கும்போது குளிர் வந்துவிடும், துணி தேவைப்படாது. ஆனால் அதற்குள் அடுத்தது ஆரம்பித்திருக்கும். கோடைக்கானல் 2,100 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி தரையில் இருப்பதைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கார்புரேட்டருக்கு இது தெரியாது. மதுரைக்கு ஊற்றிய மாதிரியே பெட்ரோலை ஊற்றும். ப்ளக் கரி பிடிக்கும், புகை கறுக்கும், இழுவை போய்விடும். ஆக, மலையின் கீழ்ப்பாதியில் பெட்ரோல் போதவில்லை, மேல்பாதியில் பெட்ரோல் அதிகம். நடுவே ஏதோ ஓரிடத்தில் வண்டி உன்னதமாக ஓடியிருக்க வேண்டும். அந்த இடத்தில் நாங்கள் தூங்கிவிட்டிருப்போம்.

எல்லாவற்றையும்விடப் பெரிய வழக்கு ஒரு சித்திரை மாதத்தில் வந்தது. வண்டி வீட்டிலிருந்து ஒழுங்காகக் கிளம்பும். ஊரைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் திணறும், இருமும், நிற்கும். கொஞ்ச நேரம் விட்டால் ஒன்றும் நடக்காதது போல ஸ்டார்ட் ஆகும். மறுபடி அதே தூரம், அதே இருமல். ஈரத்துணி போட்டோம், கேட்கவில்லை. பட்டாளத்துப் பெரியவர் கன்டென்சர் என்றார். கன்டென்சர் சூடானால் படுத்துக்கொள்ளும், ஆறினால் எழுந்துகொள்ளும், அறிகுறி அப்படியே பொருந்துகிறது. மாற்றினோம். பட்டறைக்கார அண்ணன் பம்ப்பின் டயாஃப்ரம் என்றார். அதையும் மாற்றினோம். ரிக்‌ஷாக்காரர் டேங்கில் துரு என்றார். டேங்கை இறக்கி, உள்ளே ஜல்லியைப் போட்டுக் குலுக்கிக் கழுவினோம். நிஜமாகவே நிறையத் துரு வந்தது. அவர் ஒரு வாரத்துக்கு நெஞ்சை நிமிர்த்தி ரிக்‌ஷா மிதித்தார். வண்டி நிற்பதை நிறுத்தவில்லை.

திருமங்கலம் பெட்ரோல் பங்க்கில் வேலை பார்த்த ஒரு பையன்தான் கண்டுபிடித்தான். திணறத் திணற உள்ளே போய் நின்றோம். அவன் டேங்க் மூடியைத் திருகியதும் ‘புஸ்ஸ்’ என்று காற்று உள்ளே போகிற சத்தம். கையை எடுத்துவிட்டு மூடியின் உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தான்.

“சார், டேங்க்கு மூச்சு விடவே இல்லையே. யாரு இதுல பால் கவரை வச்சது?”

வைத்தவர் அப்பா. வளைவுகளில் பெட்ரோல் தளும்பி நாற்றம் வருகிறது, குமட்டுகிறது என்று அம்மா சொன்னதால், பால் கவரை வட்டமாக வெட்டி மூடிக்குள் வைத்து இறுக்கியிருந்தார். ஒரு சொட்டு ஒழுகவில்லை. காற்றும் போகவில்லை. எண்ணெய் டின்னில் ஒரே ஒரு ஓட்டை போட்டுக் கவிழ்த்தால் எண்ணெய் விக்கி விக்கி விழுந்து நின்றுபோகும். எதிர் மூலையில் இன்னொரு ஓட்டை போட்டால்தான் சீராக வரும். டேங்க்குக்கும் அதுதான் கணக்கு. பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று வந்தாக வேண்டும். அதற்காக மூடியிலேயே ஒரு நுண்ணிய துளை வைத்திருந்தார்கள். அப்பா அதை அடைத்துவிட்டார். கவரை எடுத்ததும் வண்டி மதுரை வரை பாடிக்கொண்டே வந்தது.

இந்த உண்மை எங்கள் வீட்டைத் தாண்டவில்லை. “கன்டென்சர் மாத்துனதும் சரியாப்போச்சு” என்று அப்பா பட்டாளத்துப் பெரியவரிடம் சொல்லிவிட்டார். “டயாஃப்ரம்தாண்ணே” என்று பட்டறையில். எல்லோருக்கும் சந்தோஷம்.

இப்படியெல்லாம் எழுதும்போது அந்தக் காலம் பொன்னாகத் தெரிகிறது. அது ஒரு தோற்றம்தான். பழைய வண்டிகளின் அருமையைப் பேசுகிறவர்களைக் கவனித்திருக்கிறேன். பெரும்பாலோர் ஸ்டீயரிங்கில் உட்கார்ந்திருந்தவர்கள். பின்னால் நின்று தள்ளியவர்கள் பேசுவதில்லை. கல்யாணத்துக்குப் போகிற வழியில் பட்டுப்புடவையோடு வண்டி தள்ளிய அம்மாவிடம் பத்மினியைப் பற்றிக் கேட்டால், “அந்த சனியனா?” என்பதோடு பேச்சை முடித்துக்கொள்வார். பம்பாயில் கடைசி பத்மினி டாக்ஸி 2023 அக்டோபரில் ஓய்வு பெற்றபோது பத்திரிகைகள் கண்ணீர் வடித்தன. நான் வாசித்துக் காட்டினேன். “இவ்வளவு நாளா ஓடிச்சு?” என்று கேட்டார் அம்மா. அதில் வியப்பு இருந்தது, வருத்தம் இல்லை.

இனி இன்றைய கதை. சென்னை. 2011 மாடல் சின்னக் கார், பெட்ரோல், இன்ஜெக்‌ஷன். கார்புரேட்டர் கிடையாது, பாயிண்ட் கிடையாது, கன்டென்சர் கிடையாது; ஒரு கம்ப்யூட்டர் பெட்டி எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறது. நியாயமாகச் சொல்ல வேண்டும். வருடக்கணக்கில் ஒரு தடவைகூட நிற்காமல் ஓடியது. அதனால் அதன் பானட்டுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கவே யாருக்கும் தோன்றவில்லை.

பிறகு ஒரு நாள் மேடவாக்கம் சிக்னலில் நின்றது. பெட்ரோல் போட்டுக்கொண்டு வெளியே வந்து முதல் சிக்னல். ஐட்லிங் தடுமாறி, உடம்பு உதறி, அணைந்தது. டாஷ்போர்டில் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு. நான் இறங்கிப் பழக்க தோஷத்தில் பானட்டைத் தூக்கினேன். உள்ளே பெரிய கறுப்பு பிளாஸ்டிக் மூடி, அதன் மேல் வால்வுகளின் எண்ணிக்கை. அதைப் படித்துவிட்டு மூடினேன். டீக்கடை எதிரிலேயே இருந்தது. டீக்கடைக்காரர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பைக்கில் வந்த ஒரு பிள்ளை மட்டும் நின்று, “அங்கிள், ஆப்ல போட்டா ட்ரக் வந்து தூக்கிட்டுப் போயிடுவாங்க” என்று அறிவுரை சொல்லிவிட்டுப் போனான். நல்ல பிள்ளை. கரெண்டா பெட்ரோலா என்று கேட்க வேண்டும் என்பது அவனுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் எதைக் கழற்றிப் பார்ப்பது?

சர்வீஸ் சென்டரில் குளிர்ந்த அறை, காப்பி, சோபா. மெக்கானிக் கண்ணில் படமாட்டார். அட்வைசர் என்று ஒருவர் வந்தார், கையில் டேப்லெட்.

“பெட்ரோல் போட்ட உடனேதான் நிக்குது. ரெண்டு நாள் ஓட்டினா சரியாயிடுது. மறுபடி ஃபுல் பண்ணினா நிக்குது,” என்றேன்.

“ஓகே சார்,” என்றவர், டேப்லெட்டில் ‘எஞ்சின் ஆஃப் ஆகிறது’ என்று மட்டும் தட்டினார். மற்றதற்கு அதில் கட்டம் இல்லை.

ஸ்டீயரிங்குக்குக் கீழே ஸ்கேனரைச் செருகினார்கள். பி0172 என்று வந்தது. கலவையில் பெட்ரோல் கூடிப்போயிற்று என்பது அதன் பொருள். சைலன்சர் குழாயில் உட்கார்ந்திருக்கும் ஆக்சிஜன் சென்சார் மோந்து பார்த்துச் சொன்ன செய்தி அது. செய்தியைச் சொன்னவன் தலையைத்தான் முதலில் வெட்டுவார்கள் என்பது ராஜாக்கள் காலத்து வழக்கம். அந்த வழக்கப்படி ஆக்சிஜன் சென்சாரை மாற்றினார்கள். பில் வந்தது. அடுத்த தடவை டேங்க் நிரப்பியதும் வண்டி நின்றது. பிறகு இன்ஜெக்டரைக் கழுவினார்கள், த்ராட்டிலைக் கழுவினார்கள். எங்கள் டேங்கை ஜல்லி போட்டுக் குலுக்கியதற்கும் இதற்கும் வித்தியாசம் உண்டு. அன்றைய ஜல்லிக்கு ஜிஎஸ்டி கிடையாது.

இதற்கிடையே லிஃப்டில் பார்க்கிற எல்லோரும் வைத்தியம் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். ஒரே வைத்தியம்தான்: “எத்தனால் சார்.” பெட்ரோலில் இருபது சதவீதம் எத்தனால் கலப்பது 2023 பிப்ரவரியில் தொடங்கியது, இப்போது எந்தப் பங்க்கிலும் அதுதான். என் அப்பா காலத்திலும் பெட்ரோலில் கலந்தார்கள். ரேஷன் மண்ணெண்ணெயை. அதைத் தடுக்க மண்ணெண்ணெய்க்கு நீலச்சாயம் போட்டது அரசாங்கம். பில்டர் காகிதத்தில் ஒரு சொட்டு விட்டுக் கறை படிகிறதா என்று பார்த்துக்கொள்ளும் உரிமை வாடிக்கையாளனுக்கு உண்டு என்று பங்க்கில் எழுதிவைத்தார்கள். அன்று கலந்தவனைப் பிடித்தார்கள். இன்று கலக்காதது கிடைக்குமா என்று தேடுகிறார்கள்.

எத்தனாலை நான் நல்லபிள்ளை ஆக்கவில்லை. பழைய கார்புரேட்டர் வண்டிகளுக்கு அது நிஜமாகவே தொந்தரவு. எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால், பெட்ரோலுக்கென்று துளையிட்ட ஜெட்டில் அது போனால் கலவை மெலிந்துவிடும், மிதிக்கும்போது திணறும். பழைய ரப்பர் குழாய்கள் ஊறி உப்பும். ஈரத்தை இழுக்கும். டேங்கில் வருடக்கணக்காகப் படிந்ததைக் கரைத்துக் கொண்டுவந்து பில்டரில் சேர்க்கும். ஆனால் என் வண்டியின் ஸ்கேனர் சொல்வது கலவை மெலிந்தது என்று இல்லை, கொழுத்தது என்று. எத்தனால் குற்றவாளி என்றால் சாட்சி நேர் எதிராக அல்லவா பேச வேண்டும்? இதை லிஃப்டில் சொல்லிப் பார்த்தேன். ஏழாவது மாடி வந்துவிட்டது. 2000-இல் ஈயம் நீக்கிய பெட்ரோல் நாடு முழுக்க வந்தபோதும் இதேபோல்தான், சிலிண்டரில் நூல் அளவு தேய்மானத்துக்கும் அதுவே காரணம் என்றார்கள். புதிதாக வந்தவன் மேல் பழியைப் போடுவது நமக்கு வசதி.

சைதாப்பேட்டையில் ஒரு சந்துக்குள் பட்டறை வைத்திருக்கும் பெரியவரிடம் கடைசியில் போனேன். வேப்பமரம், எண்ணெய் ஊறிய தரை, அறுபதைத் தாண்டிய வயது. கேட்ட முதல் கேள்வி:

“பெட்ரோல் எப்படிப் போடுவீங்க சார்? ஃபுல் டேங்க்கா?”

“ஆமா.”

“பம்ப்புல தானா கட் ஆன பிறகு, ரவுண்டா ஆக்குறேன்னு இன்னும் கொஞ்சம் ஊத்துவானே?”

“ஊத்துவான்.”

பானட்டைத் திறந்து அந்தக் கறுப்பு மூடியைக் கழற்றி ஓரமாக வைத்தார். எஞ்சினை ஓடவிட்டார், அது உதறிக்கொண்டு நின்றது. விரல் பருமனில் ஒரு குழாய், நடுவே தீப்பெட்டி அளவு பிளாஸ்டிக் வால்வு. குழாயின் மேல் துணியைச் சுற்றி இடுக்கியால் மெல்ல நெரித்தார். உதறல் நின்றது. விட்டார், உதறியது. நெரித்தார், நின்றது. என்னைத் திரும்பிப் பார்த்தார். கோடு பார்த்துக் குறி சொன்ன திருப்தி முகத்தில்.

டேங்கிலிருந்து எழும் பெட்ரோல் ஆவியை வெளிக்காற்றில் விடக் கூடாது என்று இப்போது சட்டம். அதனால் மூடியில் துளை கிடையாது. ஆவி ஒரு கரிப்பெட்டிக்குள் போய்த் தங்கும். வண்டி வேகமாக ஓடும்போது கம்ப்யூட்டர் அந்தச் சின்ன வால்வைத் திறக்கும். எஞ்சின் அந்த ஆவியை இழுத்து எரித்துவிடும். வால்வு மூடாமல் சிக்கிக்கொண்டால், சிக்னலில் நிற்கும்போதும் எஞ்சின் ஆவியைக் குடித்துக்கொண்டே இருக்கும். டேங்க் நிரம்பியிருக்கும்போது ஆவி அதிகம். தானாக நின்ற பிறகும் ஊற்றினால் பெட்ரோலே கரிப்பெட்டிக்குள் போய்விடும். குடி மிஞ்சி வண்டி விழுகிறது. அப்பாவின் வண்டி நின்றதற்குக் காரணம் டேங்க் மூச்சை உள்ளே இழுக்க முடியாதது. என் வண்டி நின்றதற்குக் காரணம் டேங்க் விட்ட மூச்சு.

ஸ்கேனரைத் திட்டிக்கொண்டே போயிருந்தேன். பெரியவர் தன் சட்டைப்பையிலிருந்து கட்டைவிரல் அளவு ஒரு ஸ்கேனரை எடுத்தார், போனோடு இணைகிற மாதிரி. கோடு நம்பரை அவர் பார்க்கவில்லை. கம்ப்யூட்டர் அந்த நிமிடத்தில் பெட்ரோலை எவ்வளவு குறைத்துக்கொண்டிருக்கிறது என்று ஓடும் கணக்கைப் பார்த்தார். குழாயை நெரித்ததும் அந்த எண் பூஜ்யத்தை நோக்கி இறங்கியது. “இது பொய் சொல்லாது சார். இது கிட்ட கேக்கத் தெரியணும்,” என்றார். நான் பழைய கன்டென்சர் கதையைச் சொன்னேன். சிரித்தார்.

“கன்டென்சர் செஞ்ச சேட்டைய இப்ப கிராங்க் சென்சார் செய்யுது. சூடானா செத்துடும், ஆறினா பொழச்சிக்கும். ஸ்கேன் பண்ணினா சில சமயம் கோடே இருக்காது. நல்லாருக்குன்னு திருப்பி அனுப்பிடுவாங்க.”

“அப்ப எப்படிக் கண்டுபிடிப்பீங்க?”

“முதல்ல பொறி வருதா பார்ப்பேன். அப்புறம் பெட்ரோல்.”

சர்வீஸ் சென்டரில் இருக்கிற பிள்ளைகள் முட்டாள்கள் அல்லர். அவர்களில் பலர் டிப்ளமோ படித்தவர்கள். பி0172 என்றால் என்ன என்று பெரியவரைவிடச் சுத்தமாகச் சொல்வார்கள். ஆனால் வண்டியை ஓட்டுகிறவனிடம் எப்போது நிற்கிறது, எதற்குப் பிறகு நிற்கிறது என்று உட்கார்ந்து கேட்க அவர்களுக்கு நேரம் ஒதுக்கப்படவில்லை. பில் போட ஒரு பாகம் வேண்டும். கேள்விக்குப் பில் போட முடியாது. எங்கள் மதுரைத் தெருவில் கேள்வி ஏராளம், ஆனால் பாகத்தை மாற்றுவதில் அங்கேயும் யாரும் சளைத்தவர்கள் இல்லை என்பதைத் துருப்பிடித்த டேங்க் அறியும்.

வால்வு மாற்றிய பிறகு வண்டி நிற்கவில்லை. இந்த வருடம் அதற்குப் பதினைந்து வயது நெருங்குகிறது. பதிவைப் புதுப்பிக்க முன்பு 600 ரூபாய் இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆகிவிட்டது. மகன் விற்றுவிடச் சொல்கிறான். அவன் பார்த்து வைத்திருப்பது மின்சாரக் கார். அதில் பெட்ரோல் கிடையாது. ஆகவே கேள்வியில் பாதி போய்விட்டது. நின்றால் கரெண்ட்தான்.

பெட்ரோல் வண்டி வைத்திருக்கிறவர்களுக்குச் சொல்ல இரண்டு விஷயம் உண்டு. கார்புரேட்டர் காலத்து வண்டி என்றால், டேங்கிலிருந்து எஞ்சின் வரை வருகிற பழைய ரப்பர் குழாய்களை எத்தனால் தாங்குகிற குழாய்களாக மாற்றிவிடுங்கள். ஒழுகுவது சூடான எஞ்சின் மேல் என்பதால் இதைத் தள்ளிப்போடாதீர்கள். புது வண்டி என்றால், பங்க்கில் ‘டக்’ என்று தானாக நின்றதும் போதும் என்று சொல்லிவிடுங்கள். சில்லறை ஒழிந்து கியூஆர் கோடு வந்த பிறகு ரவுண்டான தொகைக்கு எந்த அவசியமும் இல்லை. எனக்கு அந்த வால்வு ஆயிரத்துச் சொச்சம் ரூபாய் ஆனது, மாற்றக் கால் மணி நேரம் பிடித்தது. அதற்கு முன் மாற்றிய ஆக்சிஜன் சென்சார் அதைவிடப் பல மடங்கு. அது நன்றாகத்தான் இருந்தது.